பாங்கின் கையிருப்பு ஏன் ஏறி இறங்குகிறது?

கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வருடாந்தரப் பேரவையில் அங்கத்தினர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, கேட்பதற்கு எளிதாகவும் விடை சொல்வதற்குக் கடினமாகவும் இருக்கும். “சங்கத்திற்கு இத்தனை லட்சம் லாபம் என்று அறிக்கையில் அச்சிட்டிருக்கிறீர்கள். அப்படியிருக்க, ஆடி மாதத்தில் பயிர்க் கடன் கேட்டு வந்தால், பணம் வரட்டும், பத்து நாள் பொறுங்கள் என்கிறீர்களே, அந்த லாபம் எங்கே போயிற்று?” என்பதே அது. கேள்வி நியாயமானது. தக்க விடை கிடைக்காவிட்டால் அங்கத்தினருக்குக் காரியதரிசியின்மேல் சந்தேகம் பிறக்கும். காரியதரிசியோ, கணக்குத் தெரியாதவர்களிடம் எப்படி விளக்குவது என்று அலுத்துக்கொள்வார். இருவருக்கும் இடையே நிற்பது ஒரு சிறு கணக்கறிவுதான். அதை இக்கட்டுரையில் காண்போம்.

விவசாயி ஒருவர் நெல்லை அறுத்து, தூற்றி, வியாபாரியிடம் கடனாக அளந்து கொடுத்துவிடுகிறார். சாகுபடிச் செலவு போக மிச்சம் இருப்பதால் அவ்வாண்டு அவருக்கு லாபந்தான். ஆயினும் வியாபாரி பணம் தரும் வரையில் அவர் மடியில் காசு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் உழவு மாட்டை விற்று, நகையையும் அடகு வைத்திருக்கிறார். அவர் கையில் ரொக்கம் நிறைய இருக்கிறது. ஆனால் அதை லாபம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். லாபம் வேறு, ரொக்கம் வேறு என்பது இவ்வாறு ஒவ்வொரு குடும்பத்திலும் அனுபவத்தில் தெரிந்த விஷயமே. பாங்கின் அறிக்கையைப் படிக்கும்போது மட்டும் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்சாயத்தின் கணக்குப் பெரும்பாலும் வந்த பணத்தையும் கொடுத்த பணத்தையும் எழுதும் கணக்கு. வீட்டு வரி பாக்கி எவ்வளவு இருந்தாலும், வசூலான தொகையே வரவுப் பக்கத்தில் ஏறும். பாங்கின் லாப நஷ்டக் கணக்கு அப்படிப்பட்டதன்று. கொடுத்த கடனுக்கு மார்ச்சு 31ஆம் தேதி வரையில் சேர்ந்த வட்டி, கைக்கு வந்தாலும் வராவிட்டாலும், வருமானமாகவே கொள்ளப்படும். அவ்வாறே, டிபாசிட்டுதாரருக்குச் சேர்ந்த வட்டியும் இன்னும் கொடுக்கப்படாவிட்டாலும் செலவாகும். பஞ்சாயத்துக் கணக்கைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பாங்கின் கணக்கைப் பார்த்தால் மயக்கம் ஏற்படுவது இதனால்தான்.

ரொக்கம் என்று எதைச் சொல்லுகிறோம்?

பெட்டியில் இருக்கும் நோட்டும் நாணயமும் மட்டும் ரொக்கம் அல்ல. வர்த்தகப் பாங்கு ஒன்றின் ஐந்தொகையில், கையிருப்பும் ரிசர்வ் பாங்கிடம் உள்ள இருப்பும் ஓர் அட்டவணையிலும், பிற பாங்குகளில் உள்ள இருப்பும் கேட்டவுடன் திரும்பப் பெறக்கூடிய குறுகிய காலக் கடனும் அடுத்த அட்டவணையிலும் காட்டப்படும். இவற்றைச் சேர்த்தே கைவசம் உள்ள பணம் என்று கொள்வார்கள். கிராமச் சங்கத்திற்கு இது இன்னும் எளிது: இரும்புப் பெட்டியில் உள்ளதும், மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கில் நடப்புக் கணக்கிலும் சேமிப்புக் கணக்கிலும் உள்ளதும். மூன்றாண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ கட்டிய நிரந்தர டிபாசிட்டு இதில் சேராது, அது முதலீடு. பெட்டியில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வரம்புக்கு மேற்பட்டதை மத்திய பாங்குக்கு அனுப்பிவிட வேண்டும். ஆகவே பெட்டி காலியாக இருப்பதைக் கண்டு சங்கம் நொடித்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது.

பெட்டி நிறைந்திருந்தும் ரொக்கம் இல்லாத விசித்திரமும் நம் நாட்டில் நடந்ததுண்டு. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்குகள் சில நாட்களே பழைய நோட்டுகளைப் பெற்றுக்கொண்டன. நவம்பர் 14ஆம் தேதி அவை நிறுத்தப்பட்டன. அச்சில நாட்களில் வாங்கிய நோட்டுகளை ரிசர்வ் பாங்கில் செலுத்துவதற்கு 2017 ஜூன் மாதத்தில்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை ஏழு மாத காலம் அந்நோட்டுகள் பெட்டகத்தில் கிடந்தன. டிபாசிட்டுதாரருக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் பணம். கொடுத்தால் வாங்குவார் இல்லை.

பாங்குக்கே உரிய விசேஷம்

எந்த நிறுவனமும் ஆண்டின் தொடக்கத்தில் இருந்த ரொக்கம் ஆண்டின் முடிவில் எப்படி மாறிற்று என்பதை மூன்று பிரிவுகளாகக் காட்டும் பட்டியலுக்கு ரொக்க ஓட்ட அறிக்கை என்று பெயர். முதற் பிரிவு, தொழிலை நடத்தியதால் வந்ததும் போனதும். இரண்டாவது, கட்டடம், இயந்திரம், நீண்ட காலப் பத்திரங்கள் இவற்றில் போட்டதும் எடுத்ததும். மூன்றாவது, பங்குத் தொகையாலும் வெளிக் கடனாலும் வந்ததும், அவற்றுக்காகத் திருப்பிக் கொடுத்ததும்.

இப்பாகுபாட்டில் பாங்கு மற்ற நிறுவனங்களிலிருந்து வேறுபடுகிறது. நூற்பாலை ஒன்று பொதுமக்களிடம் டிபாசிட்டு வாங்கினால் அது கடன் வாங்கியதாகும். பிறருக்குக் கடன் கொடுத்தால் அது முதலீடாகும். பாங்கிற்கோ டிபாசிட்டு வாங்குவதும் கடன் கொடுப்பதுமே தொழில். நெல் வியாபாரிக்கு நெல் எப்படியோ அப்படியே பாங்குக்குப் பணம். எனவே டிபாசிட்டும் கடனும் முதற் பிரிவிலேயே வரும். இதனால் விளையும் ஒரு பலனை அறிந்துகொள்வது அவசியம். நூற்பாலையின் முதற் பிரிவில் ஆண்டுதோறும் பற்றாக்குறை இருந்தால் அது நோய்க்குறி. பாங்கின் முதற் பிரிவில் பற்றாக்குறை காண்பது, அது அவ்வாண்டில் தாராளமாகக் கடன் வழங்கிற்று என்பதையே குறிக்கலாம். மாறாக, அப்பிரிவில் பெரும் மிகுதி காணும் பாங்கு, கடன் கொடுப்பதை நிறுத்திக்கொண்டு பழைய கடனை மட்டும் வசூலித்துக்கொண்டிருக்கலாம். ஊருக்கு அதனால் பயன் இல்லை. ஆகவே கழித்தல் குறியைக் கண்டவுடன் பயப்படுவதும், கூட்டல் குறியைக் கண்டவுடன் மகிழ்வதும் சரியன்று. அது எதனால் வந்தது என்று கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

விளங்குவதற்காக நாமே எண்களை அமைத்துக்கொண்டு ஒரு கிராமச் சங்கத்தின் ஓராண்டைப் பார்ப்போம். தொகைகள் லட்சம் ரூபாயில் உள்ளன. ஏப்ரல் 1ஆம் தேதி ரொக்கமும் பாங்கு இருப்பும் 20. அவ்வாண்டு லாபம் 12.

இந்த 12 முழுவதும் பணமாக வந்ததன்று. கட்டடத்திற்கும் சாமான்களுக்கும் தேய்மானம் என்று 2 கழித்திருக்கிறார்கள். அது ஏட்டில் எழுதிய செலவு, யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. வாராக் கடனுக்காக ஒதுக்கிய 4-ம் அப்படியே. டிபாசிட்டுதாரருக்குச் சேர்ந்து, இன்னும் கொடுக்காத வட்டி 3. இம்மூன்றையும் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் வருமானத்தில் சேர்த்துக்கொண்ட வட்டியில் 11 இன்னும் வசூலாகவில்லை. அதைக் கழிக்க வேண்டும். ஆக 12-உடன் 2, 4, 3 கூட்டி, 11 கழிக்க, கைக்கு வந்தது 10.

இனி, டிபாசிட்டாக வந்தது 150, திருப்பிக் கொடுத்தது 120; மிச்சம் 30. கடனாகக் கொடுத்தது 180, வசூலித்தது 125, குறைவு 55. இவற்றை மேற்படி 10-உடன் சேர்த்தால் தொழில் நடப்பில் ரொக்கக் குறைவு 15. அவ்வாண்டு சங்கம் 18 செலவில் ஒரு கிடங்கு கட்டிற்று. மத்திய பாங்கில் நீண்ட கால டிபாசிட்டாக 4 கட்டிற்று. இரண்டும் சேர்ந்து குறைவு 22. பங்குத் தொகை 6 சேர்ந்தது. மத்திய பாங்கிடம் 40 கடன் வாங்கி 10 திருப்பிச் செலுத்தப்பட்டது. அங்கத்தினருக்குப் பங்கு ஈவாக 2 கொடுக்கப்பட்டது. இவற்றால் மிகுதி 34. எல்லாம் சேர்த்துப் பட்டியல் இவ்வாறு அமையும்:

தொடக்க இருப்பு: 20
தொழில் நடப்பால் குறைவு: 15
முதலீட்டால் குறைவு: 22
பங்கும் கடனும் சேர்ந்து மிகுதி: 34
இறுதி இருப்பு: 17

லாபம் 12, ரொக்கமோ 3 குறைந்திருக்கிறது. பேரவையில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. ஆனால் பட்டியல் சொல்லும் செய்தி இதனோடு முடியவில்லை. 20, 17 என்ற இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவருக்குப் பெரிய மாறுதல் ஒன்றும் தெரியாது. இடையிலே என்ன நடந்தது என்று பாருங்கள். மத்திய பாங்கின் நிகரக் கடனாகிய 30 வராமல் இருந்திருந்தால், கையிருப்பு 33 குறைந்து, 20-ஐக் கடந்து, 13 பற்றாக்குறையில் நின்றிருக்கும். அதாவது அவ்வாண்டின் நடுவிலேயே பணம் தருவதை நிறுத்தியிருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. பயிர்க் கடனாகப் போன 55 அறுவடை முடிந்ததும் திரும்பி வரக்கூடிய பணம். கிடங்கில் போட்ட 18 அப்படித் திரும்பி வராது. கிடங்கு வாடகையாகப் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே வரும். மத்திய பாங்கின் கடனோ வாய்தாவுக்குள் தீர்க்க வேண்டியது. குறுகிய கால வாய்தாவில் வாங்கிய பணம் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறிவிட்டால், அடுத்த பருவத்தில் கடன் கேட்டு வரும் அங்கத்தினருக்குக் கொடுக்க என்ன இருக்கும்? கிடங்கு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, கிடங்கு நல்லதே. அதற்குரிய பணம் பங்குத் தொகையிலிருந்தும் நீண்ட காலக் கடனிலிருந்தும் வந்திருக்க வேண்டும். லாப நஷ்டக் கணக்கில் இந்தக் குறை தெரியாது. ஐந்தொகையிலும் தேடினால்தான் தெரியும். ரொக்க ஓட்டப் பட்டியலில் அது எதிரே நிற்கிறது.

தேதியும் பருவமும்

ஆண்டு முழுவதும் நடந்ததை மார்ச்சு 31 என்ற ஒரு நாளின் இருப்பைக் கொண்டு மதிப்பிடுவது, ஏரியின் நீர்மட்டத்தைக் கார்த்திகையில் அளந்துவிட்டுச் சித்திரைக்கும் அதுவே என்று சொல்வதை ஒக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படும். அது முதல் குறுவைக்கும், பின்னர் சம்பாவுக்கும் டெல்டாப் பகுதிச் சங்கங்களிலிருந்து பணம் வெளியே போகும். உரம், விதை, நடவுக் கூலி, பள்ளிச் செலவு எல்லாம் ஒரே சமயத்தில் வருவதால் டிபாசிட்டுகளையும் எடுப்பார்கள். நகைக் கடனும் மிகும். தை, மாசி அறுவடைக்குப் பின்னரே பணம் திரும்பும். தவணை தவறாமல் செலுத்தினால் வட்டிச் சலுகை உண்டென்பதால் அங்கத்தினர்கள் வாய்தாவுக்குள் கட்ட முயலுகிறார்கள். பிறகு புதுக் கடன் வாங்குகிறார்கள். ஆகவே மார்ச்சு இறுதியில் காணும் இருப்பு ஆண்டின் உச்சமாக இருக்கலாம்; ஆகஸ்டு இருப்பே சங்கத்தின் உண்மையான தாங்கும் சக்தியைக் காட்டும். மாதவாரியாகக் கடைசி நாள் இருப்பை ஒரு தாளில் பன்னிரண்டு எண்களாக எழுதிப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு அப்படி எழுதிவிட்டால், எந்த மாதத்தில் எவ்வளவு தட்டுப்பாடு வரும் என்பதை ஆறு மாதத்திற்கு முன்னரே கூறிவிடலாம். மத்திய பாங்கிடம் கடன் வரம்பு கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய மாதமும் அதிலிருந்தே தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய கடன் தீர்ந்ததாகவும் புதுக் கடன் வழங்கியதாகவும் ஒரே நாளில் ஏட்டில் எழுதி, ஒரு ரூபாயும் கைமாறாமல் முடித்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் வசூலான 125-இல் 70 இவ்வாறு எழுதியது என்று வைத்துக்கொள்வோம். உண்மை வசூல் 55. உண்மையாகக் கொடுத்த கடன் 110. நிகரக் குறைவு முன்போலவே 55 தான். இறுதி இருப்பும் மாறாது. அதனால் கையிருப்பை எண்ணிப் பார்க்கும் தணிக்கையில் மட்டும் இது வெளிப்படாது. ஆனால் வசூல் பிரமாதமாக நடந்தது என்ற தோற்றம் பாதிக்குமேல் பொய்யாகிவிடுகிறது. ரொக்கம் கைமாறாத பதிவுகளை ரொக்க ஓட்டப் பட்டியலில் சேர்க்கலாகாது என்பது கணக்கியல் விதி.

கடன் தள்ளுபடியும் இவ்வகையில் எண்ணத்தக்கது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. விவசாயியின் பெயரில் இருந்த பற்று நீங்கியது. சங்கத்தின் ஏட்டிலோ, அது அரசிடமிருந்து வரவேண்டிய தொகை என்ற பெயருக்கு மாறுகிறது. சொத்து குறையவில்லை, லாபமும் குறையவில்லை. ஆனால் அத்தொகை வந்து சேரும் வரை அது கடன் கொடுக்க உதவும் பணமன்று.

கடல் கடந்த ஒரு பாங்கு

லாபம் காட்டிய பாங்கே ரொக்கமில்லாமல் இரண்டு நாளில் வீழ்ந்ததற்கு அண்மைக் கால உதாரணம் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இருந்த சிலிக்கன் வேலி பாங்கு. 2019 முடிவில் அதன் டிபாசிட்டு சுமார் 6,200 கோடி டாலர். 2021 முடிவில் அது சுமார் 18,900 கோடி டாலராயிற்று. இரண்டே ஆண்டில் மும்மடங்கு! வந்து குவிந்த பணத்தில் பெரும் பகுதியைப் பல ஆண்டுகள் கழித்து முதிரும் பத்திரங்களில் போட்டார்கள். டிபாசிட்டோ, கேட்ட நாளில் கொடுக்க வேண்டியது. 2022இல் வட்டி விகிதம் வேகமாக ஏறியதால் பழைய பத்திரங்களின் சந்தை விலை சரிந்தது. டிபாசிட்டும் குறைந்து அவ்வாண்டு முடிவில் சுமார் 17,300 கோடி டாலரில் நின்றது. லாப நஷ்டக் கணக்கில் அப்போதும் லாபமே. ஆனால் டிபாசிட்டு உள்ளே வருவது நின்று வெளியே போகத் தொடங்கிவிட்டதையும், போட்ட பணம் நீண்ட காலத்திற்குப் பூட்டப்பட்டதையும், மூன்றாண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் எவரும் கண்டிருக்கலாம்.

2023 மார்ச்சு 8ஆம் தேதி, 2,100 கோடி டாலர் பத்திரங்களை 180 கோடி டாலர் நஷ்டத்தில் விற்றதாகப் பாங்கு அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க டிபாசிட்டுதாரர்கள் முனைந்தார்கள். அன்று மாலை பாங்கின் ரொக்க நிலை பூஜ்யத்திற்கும் கீழே 95.8 கோடி டாலர் பற்றாக்குறை. மார்ச்சு 10ஆம் தேதி அரசாங்கம் அதை மூடிவிட்டது. நம் கிராமச் சங்கத்தின் கிடங்குக் கதையும் இதுவும் அளவில்தான் வேறு.

இத்தகைய ஆபத்துக்காகவே சட்டம் ஓரளவு இருப்பைக் கட்டாயப்படுத்துகிறது. பாங்குகள் தங்கள் டிபாசிட்டுப் பொறுப்பில் குறித்த சதவீதத்தை ரிசர்வ் பாங்கில் ரொக்கமாக வைக்க வேண்டும். இது 2025 நவம்பர் 29 முதல் 3 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டது. இதைத் தவிர, அரசாங்கப் பத்திரம் முதலியவற்றில் வைக்க வேண்டிய விகிதம் 2020 ஏப்ரல் முதல் 18 சதவீதம் என்று குறிக்கப்பட்டது. ரிசர்வ் பாங்கு இவ்விகிதத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ, பாங்கின் வியாபாரத்தில் எந்த மாறுதலும் இல்லாமலே அதன் கைப்பணம் மாறும். 2016 நவம்பரில் குவிந்த டிபாசிட்டுகளுக்கு, செப்டம்பர் 16 முதல் நவம்பர் 11 வரை கூடிய தொகை முழுவதையும், அதாவது நூற்றுக்கு நூறு, ரிசர்வ் பாங்கில் வைக்கும்படி உத்தரவாயிற்று. இரு வாரத்தில் அது நீக்கப்பட்டது. அச்சமயத்து ஐந்தொகைகளைப் படிப்போர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம்முடைய சங்கங்கள்

1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்ததும் தமிழகத்தில் முதன்முதலாகத் திரூர் கிராமத்தில் சங்கம் பதிவாயிற்று. அடுத்த ஆண்டே சென்னையில் மத்திய நகர பாங்கு தொடங்கியது. இன்றைய மாநிலத் தலைமைக் கூட்டுறவு பாங்கு அதன் வழி வந்ததே. ஐக்கிய நாணயச் சங்கம் என்பது அந்நாளில் வழங்கிய பெயர். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டல்லவா. பெயர் வைத்தவர்கள் இரண்டையும் எண்ணியே வைத்திருப்பார்கள் போலும். கிராமத்தில் தொடக்கச் சங்கம், மாவட்டத்தில் மத்திய பாங்கு, சென்னையில் தலைமை பாங்கு என்ற மூன்றடுக்கில், கீழே தட்டுப்பாடு வந்தால் மேலிருந்து பணம் இறங்கும். அறுவடைக்குப் பின் கீழிருந்து மேலே ஏறும். தலைமை பாங்கிற்கு மறுநிதி உதவி தருவது 1982இல் அமைந்த நபார்டு பாங்கு.

இம்மூன்றடுக்கில் தொடக்கச் சங்கத்தின் நிலை தனிப்பட்டது. வர்த்தகப் பாங்கிலோ மாவட்ட மத்திய பாங்கிலோ போட்ட டிபாசிட்டுக்கு, ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் டிபாசிட்டு இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் வந்த வரம்பு இது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் உள்ள டிபாசிட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ரிசர்வ் பாங்கின் நேரடிக் கண்காணிப்பும் அவற்றுக்கு இல்லை. பாங்குகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் அவற்றைப் பொறுத்ததன்று. கூட்டுறவுத் துறையின் தணிக்கையும், அங்கத்தினரின் கண்ணுமே காவல். பெண்ணின் கலியாணத்திற்கென்று சேர்த்த தொகையைச் சங்கத்தில் போட்டிருக்கும் குடும்பங்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. கையிருப்பின் போக்கை அறிவது அக்குடும்பங்களுக்குப் பொழுதுபோக்கான படிப்பன்று.

பேரவைக்கு முன் வரும் அச்சிட்ட அறிக்கையில் ஐந்தொகையும் லாப நஷ்டக் கணக்கும் வரவு செலவுப் பட்டியலும் இருக்கும். சென்ற ஆண்டு அறிக்கையையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தால், இரண்டு ஐந்தொகைகளின் எண்களைக் கழித்தே மேற்சொன்ன மூன்று பிரிவுகளையும் ஓர் அங்கத்தினர் தாமே வீட்டில் போட்டுப் பார்க்கலாம். டிபாசிட்டு எவ்வளவு கூடிற்று, கடன் பாக்கி எவ்வளவு கூடிற்று, மத்திய பாங்குக்குத் தர வேண்டியது எவ்வளவு கூடிற்று, கட்டடமும் சாமானும் எவ்வளவு கூடின, வரவேண்டிய வட்டி எவ்வளவு கூடிற்று என்ற ஐந்து கழித்தல் போதும். கடைசியாகச் சொன்ன வட்டிக் கணக்கே முதலில் பார்க்கத்தக்கது. லாபம் ஆண்டுக்காண்டு ஏறியும், வரவேண்டிய வட்டி அதைவிட வேகமாக ஏறியும் வந்தால், அந்த லாபம் ஏட்டிலேதான் இருக்கிறது. அப்பொழுது பங்கு ஈவு கொடுப்பது டிபாசிட்டுதாரரின் பணத்தை எடுத்துக் கொடுப்பதே ஆகும். ஈவு வேண்டாம் என்று கைதூக்க மனம் வராவிட்டாலும், ஆகஸ்டு மாத இருப்பு என்ன என்றும், ரொக்கம் கைமாறாமல் ஏட்டிலே தீர்ந்த கடன் எவ்வளவு என்றும் கேட்டு, விடையை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்ல ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமை உண்டு.